ஏறி இறங்கும் கோடு

மார்ச் 4, செவ்வாய்

மிளகாய் இரண்டாம் பறிப்பு. களத்தில் காயப்போட்டதில் பாதி வெளுத்துவிட்டது என்று இவர் காலையிலிருந்து முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறார். நான் அங்கன்வாடிக்குக் கிளம்பிச் செருப்பை மாட்டும்போது நெஞ்சு மறுபடி படபடவென்று அடித்தது. கூண்டுக்குள் கையை விட்டால் கோழி அடித்துக்கொள்ளுமே, அப்படி. படியில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் தானாக நின்றது. இவரிடம் சொன்னதற்கு, "வெயிலு" என்றார். எதைச் சொன்னாலும் இவருக்கு வெயிலு.

புது ரவிக்கை இரண்டும் தோளில் நிற்கவில்லை. அளவு ரவிக்கை கொடுத்துத்தானே தைத்தேன். வேறு எவளுக்கோ தைத்ததை டெய்லர் என் தலையில் கட்டிவிட்டான் போலிருக்கிறது. கேட்டால் சத்தியம் பண்ணுவான்.

மார்ச் 6, வியாழன்

எழுதவே கை நடுங்குகிறது.

ராக்கு இன்று வரவில்லை, சொந்தத்தில் ஒரு சாவு. அவள்தான் சென்டரில் சமைத்துப் பரிமாறுகிறவள். அவள் இல்லாததால் பிள்ளைகளுக்கு நானே சாம்பார் ஊற்றினேன். வரிசையில் முத்தழகு மகள் தட்டை நீட்டிக்கொண்டிருந்தது. அப்போது பார்த்து நெஞ்சு அடிக்க ஆரம்பித்தது. கண் இருட்டியது. கரண்டி கையைவிட்டுப் போய்விட்டது. கொதிக்கிற சாம்பார் பிள்ளையின் காலுக்கு ஒரு சாண் தள்ளிச் சிந்தியது.

ஒரு சாண்.

பிள்ளைக்கு ஒன்றுமில்லை, பயந்து அழுததோடு சரி. நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முத்தழகு வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனாள். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. 

மார்ச் 7, வெள்ளி

சூப்பர்வைசர் போன். டாக்டர் சர்டிபிகேட் கொண்டுவரும்வரை அடுப்புப் பக்கம் போகக்கூடாதாம். அதற்குள் யார் சொன்னது?

மார்ச் 10, திங்கள்

ராமநாதபுரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. இவரும் வந்தார், கோகிலாவும் லீவு போட்டுவிட்டு வந்தாள்.

கோகிலா, தை மாதம் கல்யாணமாகி வந்த என் மருமகள். உச்சிப்புளிக்காரி. வினோத்குமார் ஸ்ரீபெரும்புதூர் கம்பெனியில் இருக்கிறான். அங்கே வீடு பார்த்ததும் கூட்டிக்கொண்டு போவான். அதுவரை இவள் எங்களோடு இருந்துகொண்டு, சாயல்குடியில் ஒரு பிசியோதெரபி சென்டருக்கு வேலைக்குப் போய்வருகிறாள். ரொம்பப் பேச மாட்டாள். பேசாத ஆள் உள்ளுக்குள் என்ன நினைக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

ஈசிஜி எடுத்தார்கள். சுத்தமாக இருக்கிறதாம். "இப்ப அடிக்கலையே சார், அடிக்கும்போது எடுத்தாத்தான தெரியும்?" என்றேன். டாக்டர் சிரித்தார். "உங்க வயசுல இது சகஜம்மா. மாதவிலக்கு நிக்கிற நேரம். மனசுல எதையும் போட்டுக் குழப்பிக்காம மெதுவா மூச்சு விட்டுப் பழகுங்க, சரியாயிரும்." சர்டிபிகேட் ஒரு மாதம் பார்த்துவிட்டுத்தானாம்.

மனசுதான் காரணம் என்றால், அந்த மனசுக்குச் சாம்பார் ஊற்றும்போதுதான் நேரம் கிடைத்ததா?

வெளியே வரும்போது கோகிலா அவரிடம் இங்கிலீஷில் ஏதோ கேட்டாள். அவரும் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். என்னத்தா கேட்ட என்றால், "ஒண்ணுமில்ல அத்தை, பெறகு சொல்றேன்" என்கிறாள். பஸ்ஸில் ஊர் வந்து சேரும்வரை சொல்லவில்லை.

மார்ச் 13, வியாழன்

அவள் வேலை செய்கிற இடத்திலிருந்து ஒரு பட்டை கொண்டுவந்தாள். மார்புக்குக் கீழே சுற்றிக் கட்ட வேண்டும். கட்டினால் அவள் போனில் ஒரு கோடு ஓடுகிறது. என் நெஞ்சு அடிப்பது அதில் தெரியுமாம்.

"மெதுவா மூச்சை இழுங்க அத்தை. அதே அளவு மெதுவா விடுங்க. நிமிசத்துக்கு ஆறு மூச்சு போதும்."

ஆறு மூச்சில் மனுஷி உயிரோடு இருப்பாளா? ஆனால் இருந்தேன். கோடு மேலே போய்க் கீழே வந்தது, கரையோரத்து அலை மாதிரி.

இழுக்கும்போது நெஞ்சு கொஞ்சம் வேகமாக அடிக்குமாம், விடும்போது மெதுவாகுமாம். அந்த ஏற்ற இறக்கம் எவ்வளவு பெரிதாக இருக்கிறதோ அவ்வளவு நல்லதாம். நான் கேட்டேன், "ஒரே சீரா அடிச்சாத்தானத்தா நல்லது? ஒழுங்கில்லாம அடிக்கிறது நல்லதுன்னா என்ன கணக்கு?"

"கடிகாரம்தான் அத்தை ஒரே சீரா அடிக்கும். உசுருள்ளது மூச்சோட ஏறி இறங்கும். மூச்சு மெதுவாச்சுன்னா, ஓடுடான்னு சொல்ற நரம்பு அடங்கி, இருடான்னு சொல்ற நரம்பு வேலை செய்யும்."

வாய் சாமர்த்தியம் இருக்கிறது. நம்பத்தான் முடியவில்லை. நிறுத்தியதும் அந்த ஏற்ற இறக்கத்துக்குக் கணக்காகக் கோட்டுக்குக் கீழே ஒரு நம்பர் வந்தது. முப்பத்துச் சொச்சம். அதைத் தொட்டு எங்கேயோ சேமித்துவைத்தாள். எங்கே?

மார்ச் 16, ஞாயிறு

கடலாடியிலிருந்து பூமயில் மதினி வந்தார். இவருக்கு அக்கா. பட்டை விஷயத்தை இவரே உளறிவிட்டார்.

மதினி அடுப்படிக்கு வந்து மெதுவாகச் சொன்னார்: "உன் நெஞ்சுக் கணக்கெல்லாம் அவ போன்ல எதுக்குடி? நாளைக்கே மாமியாளுக்குப் புத்தி சரியில்ல, அதான் படபடப்புன்னு எவன்கிட்டயாவது காட்டினா நீ என்ன செய்வ?"

எனக்கும் அதே கேள்விதான். மதினி கேட்டபிறகு வந்ததா, முன்னாலேயே இருந்ததா தெரியவில்லை.

மதினி போனதும் கோகிலாவிடம், அந்த வேலையெல்லாம் இனிமேல் என் போனில்தான் நடக்க வேண்டும் என்றேன். சரி அத்தை என்று உடனே என் போனில் ஏற்றிக் கொடுத்தாள். தன் போனில் இருந்ததை என் கண்முன்னாலேயே அழித்தாள்.

இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொண்டதுதான் உறுத்துகிறது.

மார்ச் 19, புதன்

பட்டை பொய் சொல்லலாம், என் விரல் சொல்லாது. பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு மணிக்கட்டில் விரலை வைத்துப் பார்த்தேன். மூச்சை இழுத்தேன் – துடிப்பு கிட்டக் கிட்ட வந்தது. விட்டேன் – தள்ளித் தள்ளிப் போனது. மறுபடி. மறுபடியும் அதேதான்.

இத்தனை வருஷமாக உள்ளே இப்படி ஒன்று நடந்துகொண்டிருந்திருக்கிறது, எனக்குத் தெரியாது. கொஞ்சம் கூச்சமாக இருந்தது, யாரோ வீட்டுக்குள் ஒளிந்திருந்து இப்போது அகப்பட்டது போல.

மார்ச் 21, வெள்ளி

இன்று ஏமாற்றிப் பார்த்தேன். கோகிலா கோட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, சொல்லாமல் மூச்சை வேகமாக விட்டேன், நெல் புடைத்துவிட்டு வந்தவள் மாதிரி. அலை சுருங்கித் தட்டையாகிவிட்டது. அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அத்தை, சோதிக்கிறீங்களா?"

"ஆமா" என்றேன். எதற்கு மறைக்க?

"நல்லாச் சோதிங்க" என்றாள். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

மார்ச் 23, ஞாயிறு

எல்லோருக்கும் ஒரே வேகம் பொருந்தாதாம். இன்று ஏழு மூச்சு, ஆறு, பிறகு அதற்கும் கொஞ்சம் குறைவாக என்று மாற்றி மாற்றிப் பார்த்தோம். ஆறுக்குச் சற்றுக் குறைவாக விட்டபோது அலை மிகப் பெரிதாக வந்தது. அதைவிட மெதுவாக்கினால் மறுபடி சிறிதாகிறது. ஏன் என்று கோகிலா சொல்லவந்தாள். எனக்கே புரிந்துவிட்டது. சென்டரில் எத்தனை தொட்டில் ஆட்டியிருக்கிறேன். அது திரும்பி வருகிற நேரம் பார்த்துத் தள்ளினால்தான் உயரப் போகும். முந்தித் தள்ளினாலும் பிந்தித் தள்ளினாலும் கைதான் வலிக்கும். சொன்னேன். "அதேதான் அத்தை" என்று அவள் சிரித்தாள். சிரித்தால் வலது பக்கம் ஒரு தெத்துப்பல். இத்தனை நாள் நான் கவனிக்கவில்லை.

இவருக்கும் கட்டிப் பார்த்தோம். களத்திலிருந்து வந்து, மூச்சைப் பற்றி ஒரு கவலையும் இல்லாமல் உட்கார்ந்தார். இரண்டே நிமிஷத்தில் என்னைவிடப் பெரிய அலை. மூன்றாவது நிமிஷம் தூங்கிவிட்டார்.

மார்ச் 27, வியாழன்

நம்பர் நாற்பத்தைந்து. ஆனால் படபடப்பு போகவில்லை. நேற்று ஒன்று, முந்தாநாள் ஒன்று. மூச்சை மெதுவாக விட்டும் அது பாட்டுக்கு அடித்துவிட்டுத்தான் நின்றது. மனசுதான் காரணம் என்றால் மூச்சுக்கு அடங்க வேண்டாமா? வேர்வையும் தாங்க முடியவில்லை. ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து வேர்க்கிறேன். சூப்பர்வைசர் இரண்டு தடவை கேட்டுவிட்டார், சர்டிபிகேட் என்னாச்சு என்று.

மார்ச் 30, ஞாயிறு

தெரிந்துவிட்டது.

காலையில் கொல்லைப்பக்கம் துணி அலசப் போனேன். கோகிலா வேலியோரம் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தாள். நான் வந்தது தெரியாது. "அத்தைக்கு இப்பத் தெரிய வேண்டாம். வேலையை விடுற விசயம்லாம் நான் பேசிக்கிறேன், நீங்க பேசாதீங்க" என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். "உங்க மகன்தான் அத்தை" என்று போனைக் கொடுக்கவந்தாள். நான் வாங்கவில்லை.

என் வேலையை விடவைக்க இவ யாரு? அதுக்குத்தான் பட்டை, அதுக்குத்தான் நம்பர், அதுக்குத்தான் அந்த டாக்டர்கிட்ட இங்கிலீஷ்ல குசுகுசுன்னு. எம்புருசன் வீட்டுக் கஞ்சியக் குடிச்சிக்கிட்டு – எழுத வேண்டாம். எழுதினால் நானே நாளைக்குப் படித்து வெட்கப்படுவேன்.

என் மகனும் சேர்த்திதான்.

ஏப்ரல் 2, புதன்

பட்டையைக் கட்டவில்லை. கோகிலா இரண்டு தடவை கூப்பிட்டாள். தலைவலி என்றேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

இவர் சொல்கிறார்: "ஏ சுதா, மூஞ்சிய இப்படி வச்சிக்கிட்டுத் திரிஞ்சா அந்தப் புள்ள என்ன நினைக்கும்?" என்ன நினைத்தால் எனக்கென்ன. சோறு இறங்கவில்லை என்று அவளும் தட்டை வைத்துவிட்டு எழுந்தாள். நடிப்பா? நடிப்பு என்றால் இவ்வளவு நாள் நடிக்க முடியுமா? – யோசித்துப் பார்த்தால் முடியும்.

ஏப்ரல் 10, வியாழன்

பங்குனி உத்திரத்துக்குக் கோகிலா உச்சிப்புளிக்குப் போய்விட்டாள், அம்மா வீட்டுக்கு. போகும்போது, "பட்டை அலமாரில இருக்கு அத்தை. படபடன்னு வந்தா மட்டும் கட்டிப் பாருங்க. எனக்காக வேண்டாம், உங்களுக்காக" என்றாள். நான் வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தேன். நிமிரவில்லை.

ஏப்ரல் 13, ஞாயிறு

ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரி. பக்கத்துப் படுக்கைக்காரியின் மகளிடம் பேனா வாங்கி எழுதுகிறேன். நேற்று நடந்ததை இன்றே எழுதிவிட வேண்டும்.

காலையில் எழும்போதே நெஞ்சுக்குள் ஒரு மாதிரி. எப்போதும் போல அடித்துக்கொள்ளவில்லை, புழு நெளிவது போல இருந்தது. வேறு எவளும் வீட்டில் இல்லை, நானே கட்டிப் பார்ப்போம் என்று பட்டையை எடுத்தேன். மெதுவாக மூச்சு விட்டேன். முடிந்ததும் நம்பர் வந்தது: நூற்று எழுபதுக்கு மேல்.

இவர் எட்டிப் பார்த்தார். "பெரிய நம்பர்தான நல்லதுன்னு சொன்னா. பாஸாயிட்டடி." வினோத்துக்கு அவரே போன் போட்டார். அவனும், "சூப்பர்மா, மூச்சுப் பயிற்சி வேலை செய்யுது" என்றான்.

நாற்பத்தைந்து இருந்தது. பத்து நாள் பயிற்சியே செய்யவில்லை. பிறகு எப்படி நாலு மடங்கு? செய்யாத வேலைக்கு எவன் கூலி கொடுப்பான்?

கோட்டைப் பார்த்தேன். அதில் அலை இல்லை. கோழி கிளறிய குப்பை போலக் கண்டபடி குத்திக்கொண்டு நின்றது. மூச்சை மெதுவாக்கினேன், அப்படியே இருந்தது. வேகமாக விட்டேன், அப்போதும் அப்படியே. என் மூச்சுக்கும் அந்தக் கோட்டுக்கும் சம்பந்தமே இல்லை. இரண்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போன பங்காளிகள் மாதிரி.

பட்டை கெட்டுவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். கோகிலா கெடுத்து வைத்துவிட்டாள் என்றுகூட – ஆமாம், நினைத்தேன். இவரைப் பிடித்து உட்காரவைத்துக் கட்டினேன். அழகாக அலை போனது. மறுபடி எனக்குக் கட்டினேன். குப்பை. மணிக்கட்டில் விரலை வைத்தேன். ஒன்று கிட்ட, ஒன்று தள்ளி, ஒன்று வந்ததா இல்லையா என்றே தெரியவில்லை. இழுத்தாலும் விட்டாலும் ஒரே அலங்கோலம்.

பட்டை சரியாகத்தான் இருக்கிறது. கெட்டது நான்.

யாரிடம் சொல்வது? இவர் வெயிலு என்பார். டாக்டர் வயசு என்பார். போனை எடுத்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு அவளுக்குத்தான் போட்டேன். பத்து நாளாக முகம் பார்த்துப் பேசாதவளுக்கு.

"கோகிலா, நம்பர் பெருசா வருதுத்தா. ஆனா மூச்ச மாத்தினா கோடு மாற மாட்டேங்குது."

அந்தப் பக்கம் கோயில் மேளச் சத்தம் கேட்டது. பிறகு, "கோட்டப் படம் எடுத்து அனுப்புங்க அத்தை" என்றாள். அனுப்பினேன். உடனே கூப்பிட்டாள். குரல் மாறியிருந்தது.

"அத்தை, இப்பவே மாமாவக் கூட்டிக்கிட்டு கடலாடி ஆஸ்பத்திரிக்குப் போங்க. சோறு ஆக்க வேண்டாம், குளிக்க வேண்டாம். இது நிக்கிறதுக்குள்ள ஈசிஜி எடுத்தாகணும். நின்னுருச்சுன்னா மறுபடி மனசுன்னு சொல்லி அனுப்பிருவாங்க."

"மனசு இல்லையா?"

"இல்ல அத்தை. நீங்க சொன்னது சரி. அங்கேருந்து ராமநாதபுரத்துக்குத்தான் அனுப்புவாங்க. நான் இந்தா கிளம்பிட்டேன், பெரியாஸ்பத்திரிக்கு வாரேன்."

நீங்க சொன்னது சரி. இந்த ஒரு மாதத்தில் யாரும் என்னிடம் சொல்லாத வார்த்தை.

இவர் பைக்கை எடுத்தார். வழியெல்லாம் எனக்கு ஒரே பயம், வியாதியைப் பற்றி இல்லை, போவதற்குள் நின்றுவிடுமோ என்று. வியாதி நிற்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டு போனவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். நிற்கவில்லை. கடலாடியில் டூட்டியில் இருந்தது சின்ன வயசு லேடி டாக்டர். காகிதம் வெளியே வர வரப் பார்த்தவர், சிரிக்கவில்லை. இதயத்தின் மேல் அறை துடிக்காமல் நடுங்கிக்கொண்டு மட்டும் இருக்கிறதாம். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று பேர். அங்கே ரத்தம் தேங்கிக் கட்டிப்பட்டு, அந்தக் கட்டி தலைக்குப் போனால் பக்கவாதம்.

நூற்று எட்டு ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். இவர் என் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ராமநாதபுரம் வரும்வரை கீழே வைக்கவே இல்லை.

ஆஸ்பத்திரி வாசலில் கோகிலா நின்றாள், பட்டுச்சேலையோடு, தலையில் வாடாத பூவோடு. கோயிலிலிருந்து அப்படியே ஓடிவந்திருக்கிறாள். நான் அவளிடம் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். "பஸ் கிடைச்சதா?" என்றுதான் கேட்டேன்.

ஏப்ரல் 14, திங்கள்

காலையில் கஞ்சி குடித்துக்கொண்டிருக்கும்போது உள்ளே ஏதோ அடங்கினது போல இருந்தது. தம்ளரை வைத்துவிட்டு மணிக்கட்டில் விரல் வைத்தேன். மூச்சை இழுத்தேன். கிட்டக் கிட்ட. விட்டேன். தள்ளித் தள்ளி. நர்ஸைக் கூப்பிடாமல் கொஞ்ச நேரம் அப்படியே வைத்துக்கொண்டிருந்தேன். காணாமல் போன ஆடு பட்டிக்குத் தானாக வந்து நின்றால் உடனே தொட மாட்டோம் இல்லையா.

ஏப்ரல் 16, புதன்

ரத்தச் சோதனை வந்துவிட்டது. கழுத்தில் தைராய்டு அளவுக்குமீறிச் சுரக்கிறதாம். அதுதான் இதயத்தை இப்படி விரட்டியிருக்கிறது. உடம்பு இளைப்பது, வேர்வை, கை நடுக்கம், எல்லாம் அதனால்தானாம். அப்படியென்றால் டெய்லர் சரியாகத்தான் தைத்திருக்கிறான்.

டாக்டர் இன்னொன்றும் சொன்னார். இது இருந்தால் மனசும் நிலைகொள்ளாதாம், எடுத்ததற்கெல்லாம் கோபமும் பதற்றமும் வருமாம். எனக்குச் சுருக்கென்றது. "அப்ப என் சந்தேகமும் சீக்குதானா சார்?" என்று கேட்டுவிட்டேன். அவர் பதில் சொல்வதற்குள் இவர் முந்திக்கொண்டார்: "இல்ல சார், அது கல்யாணத்தன்னைக்கே இருந்துச்சு."

கோகிலா வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனாள். தோள் குலுங்கியது தெரிந்தது.

பிறகு வந்து அவளே சொன்னாள். அன்றைக்குத் தனியார் டாக்டரிடம் இங்கிலீஷில் கேட்டது, ஒரு நாள் முழுக்க இதயத்தைப் பதிவு பண்ணுகிற மிஷினை மாட்ட முடியுமா என்று. அவர், ஒரு மாதம் பார்ப்போம், பிறகு யோசிக்கலாம் என்றாராம். "உங்ககிட்டச் சொன்னா பயந்துருவீங்கன்னு நினைச்சேன் அத்தை."

"சொல்லாமத்தான் பயந்தேன்" என்றேன்.

ஏப்ரல் 20, ஞாயிறு

வீட்டுக்கு வந்தாயிற்று. வினோத் வந்திருக்கிறான். சாப்பிடும்போது வாய்தவறிச் சொல்லிவிட்டான்: "நான் மார்ச்லயே வேலைய விடச் சொன்னேன்மா. கோகிலாதான் சண்டை போட்டா. அத்தை பொய் சொல்லல, உடம்புல என்னன்னு தெரியாம வேலைய விடச் சொன்னா அவங்க உடஞ்சிருவாங்க, நீங்க பேசாதீங்கன்னா."

கோகிலா ரசத்தைக் கலக்கிக்கொண்டே இருந்தாள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

அன்றைக்கு வேலியோரம் கேட்டது இதுதானா. ஒவ்வொரு வார்த்தையும் சரியாகத்தான் காதில் விழுந்திருக்கிறது. அர்த்தம்தான் நான் போட்டுக்கொண்டது.

மன்னிப்புக் கேட்க வேண்டும். எப்படிக் கேட்பது? மாமியார் மருமகளிடம் என்ன வார்த்தை சொல்லிக் கேட்பாள்? சாயங்காலம் அவளுக்குத் தலை பின்னிவிட்டேன். முதுகைக் காட்டி உட்கார்ந்து பின்னிக்கொண்டாள்.

மே 4, ஞாயிறு

மாத்திரை மூன்று விதம். தைராய்டுக்கு, துடிப்புக்கு, ரத்தம் உறையாமல் இருக்க. இந்த மூன்றாவது மாத்திரையால் லேசாக இடித்தாலும் கை கன்றிப்போகிறது. இந்த மாத்திரை வேண்டாமே என்று கோகிலாவிடம் சொன்னேன். "தைராய்டு அடங்குற வரைக்கும் வேணும் அத்தை. இதுல மட்டும் சோதிச்சுப் பாக்காதீங்க" என்றாள்.

மூச்சுப் பயிற்சியால் இது குணமாகுமா என்று நேராகக் கேட்டேன். ஆகாது என்றாள். மனசு அடங்கும், உடம்பு கொஞ்சம் ஓயும், அவ்வளவுதான், நோய்க்கு மாத்திரைதான். ஆகும் என்று சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

ஜூன் 9, திங்கள்

சென்டருக்குப் போனேன். சர்டிபிகேட் கொடுத்தாயிற்று. கொதிக்கிறதெல்லாம் ராக்கு பார்த்துக்கொள்வாள், நான் தூக்க வேண்டாம் என்று சூப்பர்வைசர் உத்தரவு. முத்தழகு பிள்ளையைக் கொண்டுவந்து விட்டாள். வாசலில் நின்று என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "இளச்சுட்டீக டீச்சர்" என்றாள். பிள்ளையின் கையை என் கையில் பிடித்துக் கொடுத்துவிட்டுத்தான் போனாள்.

ஜூலை 13, ஞாயிறு

தைராய்டு பாதி அடங்கியிருக்கிறது. நெஞ்சு நடுக்கம் மறுபடி வரவில்லை. நம்பர் ஐம்பதுக்குப் பக்கம். பெரிய நம்பரைப் பார்த்தால் இப்போது எனக்குச் சந்தோஷம் வருவதில்லை. முதலில் கோட்டைத்தான் பார்க்கிறேன்.

வினோத்துக்கு வீடு கிடைத்துவிட்டது. கோகிலா, ஐப்பசி கழித்து வாரேன் என்று சொல்லிவிட்டாளாம். என் மருத்துவம் முடியட்டும் என்றாளாம். நான் கேட்கவில்லை. இவர்தான் சொன்னார்.

செப்டம்பர் 28, ஞாயிறு

உழுது போட்டு மழைக்குக் காத்திருக்கிறோம். பூமயில் மதினி வந்திருந்தார். கோகிலா கடைக்குப் போயிருந்தாள். மதினி அடுப்படிக்கே வந்து, சுற்றும் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"புருசன் அங்கன இருக்கான், இவ இங்கன எதுக்குடி ஒட்டிக்கிட்டு இருக்கா? மாத்திரையும் அவ கையாலதான் எடுத்துக் குடுக்கிறாளாம். என்னத்தக் குடுக்கிறாளோ. நீ ஒரு சூதுவாது தெரியாதவ."

என்னைப் பார்த்து முதன்முதலாக ஒருத்தர் சூதுவாது தெரியாதவள் என்கிறார். "காப்பி ஆறுது மதினி, குடிச்சிட்டு வெயிலுக்கு முன்னாடி கிளம்புங்க" என்றேன். மதினி என் முகத்தையே பார்த்தார். குடித்தார். கிளம்பினார்.

தெருமுனையில் அவரைப் பார்த்துக்கொண்டே வந்த கோகிலா, பையை இறக்கிவைத்துவிட்டுக் கேட்டாள். "பெரியம்மா அதுக்குள்ள கிளம்பிட்டாங்க. என்ன சொன்னாங்க அத்தை?"

"மழை வரும்னு சொன்னாங்க" என்றேன்.

வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. அவள் அதை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கொல்லைக்குப் போய், கொடியில் ஈரமாகக் கிடந்த துணியையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்து உள்ளே போட்டாள்.